கொள்ளுத்தாத்தா குடியிருந்த வீடு எது? பழைய சென்னையில் ஒரு முகவரியைத் தேடும் வழி

என் பாட்டிக்குத் தான் பிறந்த வீட்டைப் பற்றி மூன்று விஷயங்கள்தான் ஞாபகம் இருந்தன. முற்றத்தில் ஒரு கிணறு. திண்ணையில் உட்கார்ந்தால் பிள்ளையார் கோயில் மணி கேட்கும். தங்கசாலைக்கு நடந்தே போய்விடலாம். ஏழு வயதில் அந்த வீட்டை விட்டு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. தெருப்பெயர் சொல்லத் தெரியவில்லை, கதவு எண்ணும் தெரியவில்லை. அந்த மூன்று ஞாபகங்களையும் டிரங்குப் பெட்டியில் கிடந்த ஒரு அடமானப் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு அந்த மனையைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. வழி தெரிந்திருந்தால் மூன்று மாதத்தில் முடித்திருக்கலாம். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆளின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடாதீர்கள், மனையைத் தேடுங்கள். ஒரே பெயரில் ஒரு தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள். தெருப்பெயர் மாறும், கதவு எண் மாறும், வீட்டையே இடித்துக் கட்டுவார்கள். மண் மட்டும் அங்கேயே இருக்கும். அதற்குப் பக்கத்தில் இருந்த கோயிலும் குளமும் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும்.

வீட்டில் இருக்கும் காகிதங்கள்

சரி, எங்கே தொடங்குவது? அலுவலகத்துக்குப் போகும் முன் பரணைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், ரசீது, வேலைக்குப் போட்ட மனுவின் நகல், அஞ்சலட்டை எல்லாமே முகவரி சொல்லும். கணிதமேதை ராமானுஜன் 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு வேலை கேட்டு எழுதிய மனுவில் '7, சம்மர் ஹவுஸ், திருவல்லிக்கேணி' என்று முகவரி இருக்கிறது. அந்தச் சமயத்தில் அவர் எங்கே தங்கியிருந்தார் என்பது அந்த ஒரு வரியால் நமக்குத் தெரிகிறது. உங்கள் தாத்தாவும் எங்கேயாவது ஒரு மனு எழுதியிருப்பார்.

அஞ்சலட்டையில் முகவரி மங்கிப்போயிருந்தாலும் முத்திரையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பட்டுவாடா செய்த தபால் நிலையத்தின் பெயர் அதில் இருக்கும், வீடு அதன் எல்லைக்குள்தான் இருந்திருக்க வேண்டும். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். அதற்கு முன் 'மதராஸ்-4', 'மதராஸ்-17' என்று எழுதினார்கள். அந்த எண்தான் பின்னால் 600004 என்றும் 600017 என்றும் நீண்டது. அதனால் பழைய கடிதத்தில் வெறும் 'மதராஸ்-5' என்று இருந்தாலும் திருவல்லிக்கேணிப் பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தேதி சில காகிதங்களில் ஆங்கில வருஷத்தில் இருக்காது. பசலி (பழைய நிலவரிக் கணக்கின் வருஷம்) என்றிருந்தால் 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1336 என்றால் 1926 ஜூலை முதல் 1927 ஜூன் வரை. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும் என்பதை மறக்க வேண்டாம். பிரமாதி வருஷம் 1879-லும் வந்தது, 1939-லும் வந்தது. காகிதத்தையும் எழுத்தையும் எழுதியவரின் வயதையும் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

பெரியவர்களிடம் கேட்கும்போது "முகவரி என்ன?" என்று கேட்காதீர்கள். "தண்ணிக்கு எங்கே போவீங்க? எந்தக் கோயில் தேர் வாசலுக்கு வரும்? பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று கேளுங்கள். என் பாட்டி முகவரி சொல்லவில்லை, ஆனால் காலை வெயில் திண்ணையில் விழும் என்று சொன்னார். அப்படியென்றால் அது கிழக்குப் பார்த்த வீடு. பின்னால் இரண்டு மனைகளில் எது என்று குழம்பியபோது அந்த வெயில்தான் தீர்த்துவைத்தது.

குடும்பம் எப்போது இடம் மாறியது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் பலருடைய கதையில் 1942 ஒரு வெட்டு. ஜப்பான் குண்டு போடும் என்ற பயத்தில் அந்த ஏப்ரலில் ஊரே கிளம்பியது. என் பாட்டி வீட்டை விட்டு வந்ததும் அப்போதுதான். அதற்கு முன் 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் குண்டு வீசியபோதும் நிறையப் பேர் வெளியூர் போனார்கள். இந்த வருஷங்களில் முகவரி திடீரென்று கும்பகோணம், காஞ்சிபுரம் என்று மாறினால் ஆள் மாறிவிட்டாரோ என்று சந்தேகப்பட வேண்டாம்.

தெருப்பெயருக்கு ஒரு அட்டவணை

ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: பழைய பெயர், இன்றைய பெயர். மவுண்ட் ரோடு அண்ணா சாலை. பைகிராப்ட்ஸ் ரோடு பாரதி சாலை. எட்வர்ட் எலியட்ஸ் ரோடு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை. லாயிட்ஸ் ரோடு அவ்வை சண்முகம் சாலை. மௌபரீஸ் ரோடு டி.டி.கே. சாலை. சைனா பஜார் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. பிராட்வே பிரகாசம் சாலை. பேட்டையின் பெயரும் மாறும். 1800களின் காகிதத்தில் 'கறுப்பர் நகரம்' என்று இருந்தால் அது இன்றைய ஜார்ஜ் டவுன். பெத்தநாயக்கன்பேட்டை, முத்தியால்பேட்டை இரண்டும் அதற்குள் இருப்பவை.

1970களின் கடைசியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பட்டங்களை எடுத்தார்கள். அதனால் பத்திரத்தில் லிங்கி செட்டித் தெரு, பலகையில் லிங்கித் தெரு, பேச்சில் மறுபடியும் லிங்கி செட்டித் தெரு. தேடும்போது இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஆங்கில வரைபடத்தில் எழுத்துக்கூட்டல் இன்னொரு தொல்லை. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் காதுக்குப் பிடிபட்டுவிடும்.

கதவு எண்ணை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். இன்றைக்கும் சென்னையில் முகவரி எழுதினால் 'பழைய எண், புதிய எண்' என்று இரண்டு போடுகிறோம். அந்தப் 'பழைய எண்'ணுக்கும் முன்னால் இன்னொரு பழைய எண் இருந்திருக்கும்.

வரைபடம்

வீட்டிலிருந்தே பார்க்க எளிதானது இம்பீரியல் கெஸட்டியர் அட்லஸ். 1909-ல் வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் தெற்காசிய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் மதராஸ் நகரப் படம் இருக்கிறது. பெரிய சாலைகள்தான் தெரியும், சந்து தெரியாது. தொடக்கத்துக்கு அது போதும். இன்னும் பழைய காலம் வேண்டுமென்றால் 1755-ல் கொன்ராடி வரைந்த படம் இருக்கிறது. அதில் கோட்டையும் அதையொட்டிய ஊரும் தெரியும். சந்து பொந்தெல்லாம் தெரிகிற பெரிய அளவுப் படங்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும், சேப்பாக்கத்தில் உள்ள நில அளவைத் துறையிலும், வெளிநாட்டில் இருப்பவர்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் கேட்க வேண்டும்.

கையில் கிடைத்த படத்தில் வருஷம் இல்லையா? கட்டடங்களை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் வந்தது, சென்ட்ரல் 1873, உயர் நீதிமன்றம் 1892, எழும்பூர் நிலையம் 1908, ரிப்பன் மாளிகை 1913. சென்ட்ரல் இருந்து, எழும்பூர் நிலையம் இல்லாவிட்டால் படம் அந்த இடைப்பட்ட காலத்தது. டிராம் பாதை போட்டிருந்தால் 1895-க்குப் பிறகு. ஏனென்றால் சென்னையில் டிராம் 1895 முதல் 1953 வரைதான் ஓடியது.

குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதையைச் சரிபார்க்கவும் படம் உதவும். "எங்கள் முப்பாட்டனார் 1905-லேயே தி.நகரில் பங்களா கட்டினார்" என்று ஒரு நண்பர் வீட்டில் உறுதியாகச் சொன்னார்கள். 1909 படத்தை எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் நீளமாக ஒரு ஏரி. மாம்பலம் பக்கத்தில் கிடந்த அந்த ஏரியை 1920களில் வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நண்பரின் முப்பாட்டனார் கட்டியது சைதாப்பேட்டையில் என்று அப்புறம் ஒரு ரசீதில் தெரிந்தது. வீட்டுக் கதை பொய்யில்லை. மூன்று தலைமுறை வாய்வழி வந்ததில் ஊர் மட்டும் நகர்ந்துவிட்டது.

பழைய படத்தை இன்றைய படத்தின் மேல் பொருத்திப் பார்க்க கூகுள் எர்த் போதும். 'இமேஜ் ஓவர்லே' என்று இருக்கும், அதில் படத்தை ஏற்றி, ஊடுருவிப் பார்க்கும்படி மங்கலாக்கி, இழுத்துப் பொருத்த வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கியூஜிஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எதைக் கொண்டு எதைப் பொருத்துகிறீர்கள் என்பதுதான் முக்கியம். சாலை முனைகளை எடுக்காதீர்கள், அகலப்படுத்தும்போது நகர்ந்திருக்கும். கோயில் குளத்தின் நாலு மூலை, கோட்டை மதில், ரயில் பாதை, பழைய கல்லறைத் தோட்டம் இவற்றை எடுங்கள். கடற்கரையை எடுக்கவே கூடாது. துறைமுகம் கட்டிய பிறகு சென்னையின் கடலோரம் நிறைய விலகிவிட்டது.

பத்திரத்தைப் படிப்பது

இனிதான் உயிரான இடம். கிரயமோ, அடமானமோ, பாகப்பிரிவினையோ ஒரு பத்திரம் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் 'சொத்து விவரம்' அல்லது 'ஷெட்யூல்' என்று இருக்கும். அதில் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை எழுதியிருப்பார்கள். எங்கள் வீட்டுப் பத்திரம் 1926-ல் எழுதியது. அதில் இப்படி இருந்தது:

'பிள்ளையார் கோவில் மதிலுக்குத் தெற்கு, சந்துக்கு மேற்கு, நாயுடு வகையறா மனைக்கு வடக்கு, எண்ணெய்க் கிடங்குக்குக் கிழக்கு, இதன் மத்தியில் உள்ள மனையும் அதில் கட்டியுள்ள ஓட்டு வீடும் கிணறும்.'

இதைப் படித்துவிட்டுப் பிள்ளையார் கோயில் வீட்டுக்குத் தெற்கே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பல வாரம் வீணானது. பத்திர வழக்கில் 'மதிலுக்குத் தெற்கு' என்றால் நம் மனை மதிலுக்குத் தெற்கே இருக்கிறது, கோயில் நமக்கு வடக்கே என்று பொருள். 'சந்துக்கு மேற்கு' என்றால் சந்து நமக்குக் கிழக்கே. பாட்டி சொன்ன காலை வெயில் இங்கேதான் வந்து பொருந்தியது. படிக்கும்போதே ஒரு சதுரம் போட்டு, நாலு பக்கமும் யார் யார் என்று எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

மனையைப் போலவே பக்கத்து வீட்டுக்காரர்களையும் தேடுங்கள். நம் வீட்டுப் பத்திரம் தொலைந்துபோனாலும் அவர்களுடைய பத்திரத்தில் நம் வீடு எல்லையாக வந்திருக்கும்.

பத்திரத்தைத் திருப்பியும் பாருங்கள். முத்திரைத்தாளின் பின்பக்கம் அதை விற்றவர், யாருக்கு எப்போது விற்றார் என்று எழுதியிருப்பார். ஊரும் தெருவும்கூடச் சில சமயம் இருக்கும். பதிவு அலுவலர் எழுதிய குறிப்பில் கைநாட்டு வைத்தவரையும், அவரை அடையாளம் காட்டியவரையும் 'இன்னார் குமாரர், இன்ன தெருவில் குடியிருப்பு, இன்ன தொழில்' என்று பதிந்திருப்பார்கள். சொந்த வீடே இல்லாமல் வாடகைக்குக் குடியிருந்த முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு இதுதான் பெரிய துணை. சொத்து இல்லாவிட்டாலும் யாருக்காவது சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

ஷெட்யூலில் வரும் எண்களை அப்படியே நகலெடுத்து வையுங்கள். சென்னைப் பத்திரங்களில் பழைய சர்வே எண், ரீசர்வே எண், கலெக்டர் சர்டிபிகேட் எண் என்று மூன்று நான்கு வரும். அளவு கிரவுண்டில் இருக்கும். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி.

பதிவு அலுவலகமும் நில அளவையும்

எண் கிடைத்ததும் இன்றைய நிலையிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல் பார்க்கலாம், ஆனால் பெரும்பாலும் 1975 வாக்கிலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, தேடுதல் கட்டணம் கட்டி, கையால் தேடச் சொல்ல வேண்டும். அலுவலக எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன. அதனால் அந்த வருஷத்தில் அந்தத் தெரு எந்த அலுவலகத்தின் கீழ் இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்காமல் போய் இரண்டு இடத்தில் வெறுங்கையோடு திரும்பினேன்.

1908-ம் வருஷப் பதிவுச் சட்டத்தின் 57-வது பிரிவு நமக்குத் துணை. அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதியும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிறது அது. "நீங்கள் யார், உங்களுக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்டால் பொறுமையாக இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். அட்டவணை இரண்டு விதம். முதலாவது ஆள் பெயர்ப்படி, இரண்டாவது சொத்துப்படி. இரண்டாவதைக் கேட்டு வாங்குங்கள். உயில்கள் தனிப் புத்தகத்தில் இருக்கும். பழைய சென்னை நகர எல்லைக்குள் எழுதிய உயில்களை உயர் நீதிமன்றத்தில் கொடுத்து புரொபேட் (உயில் செல்லும் என்ற நீதிமன்றச் சான்று) வாங்க வேண்டியிருந்ததால் அங்கேயும் விசாரிக்கலாம்.

பிறகு சர்வே எண். நகர நில அளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக், டி.எஸ். எண் (நகர சர்வே எண்) என்று இருக்கும். பழைய எண்ணுக்கு இன்றைய எண் எது என்று சொல்லும் ஒப்பீட்டுப் பட்டியலை 'கோரிலேஷன்' என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். அது கிடைத்ததும் மனையின் எல்லையையும் அளவையும் காட்டும் புல வரைபடத்தை வாங்கி, நீங்கள் பொருத்திவைத்த பழைய படத்தோடு வைத்துப் பாருங்கள். மனையின் உருவம் முக்கியம். எங்களுடையது பின்பக்கம் ஒடுங்கிய நீளமான மனை. நூறு வருஷத்தில் அந்த ஒடுக்கம் மாறவில்லை. கிராமமாக இருந்தால் வேலை இன்னும் எளிது. எந்த நிலம் யார் பெயரில் என்று சொல்லும் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம்.

இன்னும் சில பதிவுகள்

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு அடையாள அட்டையோடு, எதற்காகத் தேடுகிறீர்கள் என்று எழுதிய கடிதமும் கொண்டுபோங்கள். நினைத்தவுடன் கட்டு வராது, நாள் ஒதுக்கிக்கொண்டு போங்கள். பழைய அசைலம் பிரஸ் பஞ்சாங்க டைரக்டரி எங்கேயாவது கிடைத்தால் புரட்டிப் பாருங்கள். அதிகாரிகள், வணிகர்கள், வக்கீல்கள் பெயர்கள் அதில் இருக்கும். சாதாரணக் குடும்பங்களை அதில் எதிர்பார்க்க வேண்டாம். பிறப்பு இறப்புப் பதிவுக்கு இங்கே 1899-லேயே சட்டம் இருந்தது, மாநகராட்சியில் கேட்கலாம்.

இங்கிலாந்துக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளைப் படித்துவிட்டு நிறையப் பேர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தேடி அலைகிறார்கள். அங்கே நூறு வருஷம் ஆனதும் வீட்டுவாரிப் படிவங்களைத் திறந்துவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. நமக்குக் கிடைப்பது மொத்தக் கணக்கு மட்டும்தான், யார் எந்த வீட்டில் இருந்தார் என்பது கிடைக்காது. அதில் நேரம் போக்காதீர்கள்.

முன்னோர் கப்பலேறிப் போனவர் என்றால் வழி வேறு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு முதல் கப்பல் 1860-ல் சென்னையிலிருந்துதான் போனது. ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பதிவில் கிராமம், தாலுகா, ஜில்லா என்று எழுதியிருக்கும். மொரீஷியஸ் போனவர்களுக்கு மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் அந்தப் பதிவுகள் இருக்கின்றன. கிராமத்தின் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதனால் தாலுகாவை முதலில் உறுதி செய்துகொண்டு கிராமத்தைத் தேடுங்கள்.

நேரில் போவது

எல்லாம் பொருந்திய பிறகு அந்த இடத்துக்குப் போங்கள். ஜார்ஜ் டவுன் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குள் போய்விடுங்கள். கடைகள் திறந்துவிட்டால் சந்தில் நிற்கவே இடம் இருக்காது. பத்திர நகலையும் படத்தையும் கையில் வைத்திருங்கள். அங்கே இருப்பவர்கள் சொத்தில் பங்கு கேட்டு வந்திருக்கிறோமோ என்று பயப்படுவார்கள். "எங்கள் பாட்டி பிறந்த இடம், பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம்" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். தெருவில் பழைய கடை இருந்தால் அங்கே உட்கார்ந்து பேசுங்கள், ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பாதி வரலாறு வந்துவிடும்.

எங்கள் மனையில் இப்போது மூன்று மாடிக் கிடங்கு. கீழே எவர்சில்வர் பாத்திரங்கள் அடுக்கியிருக்கிறார்கள். வடக்குப் பக்கம் பிள்ளையார் கோயில் அப்படியே இருக்கிறது. மதிலில் டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். கிடங்கு வைத்திருப்பவரிடம் கிணறு ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். படிக்கட்டுக்குக் கீழே கூட்டிப்போய், தரையில் இருந்த ஒரு வட்டமான சிமெண்ட் மூடியைக் காட்டினார். பாட்டிக்குப் போன் போட்டு, வீடியோவில் அதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "துவைக்கிற கல்லு இந்தப் பக்கம் இருந்தது" என்றார்.